க்ரான் மரத்துக்கு எதிராகப் பட்டிப்பூ

மனிதர்களோடு கோபித்துக்கொள்ள எனக்குத் துணிவு போதாது. வேலையிடத்தில் மேலாளர் குரலை உயர்த்தினால் சிரித்துவிடுவேன். வீட்டில் குரல் உயர்ந்தால் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். ஆனால் ஒரு மரத்தோடு வருடக்கணக்கில் கோபமாக இருந்திருக்கிறேன். அந்த மரத்தைப் பற்றி இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். ஒஸ்லோவில், ட்வெய்ட்டாவில், மூன்று மாடிக் கட்டடமொன்றின் நிலத்தளத்தில் குடியிருந்தோம். எங்கள் யன்னலுக்குத் தெற்கே ஒரு க்ரான் நின்றது. க்ரான் என்றால் நோர்வேக் காடுகளில் எங்கு பார்த்தாலும் நிற்கும் ஊசியிலை மரம். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமசுக்கு, வீட்டுக்குள் கொண்டுவந்து சோடிப்பார்களே, அதேதான். சோடித்த மரம் ஆள் உயரம். எங்களுடையது கூரையையும் தாண்டி வளர்ந்து, அடிமரம் தெரியாதபடி கிளைகளை நிலம்வரை இறக்கிவிட்டு, கலியாண வீட்டுக்கு வந்த பணக்காரப் பெரியம்மா போல முன்வரிசையை அடைத்துக்கொண்டு நின்றது. இந்த நாட்டில் வெயில் என்பது சீதனம் மாதிரி. பேசியதில் பாதிதான் வந்து சேரும். அந்தப் பாதியையும் இந்த மரம் இடையில் நின்று வாங்கி வைத்துக்கொண்டது.

யன்னலுக்குக் கீழே நிலத்தளத்துக்காரருக்கென்று ஒரு துண்டு மண் உண்டு. பாய் விரித்தால் இரண்டு பேர் படுக்கலாம். அதில் என் மனைவி பட்டிப்பூ வளர்த்தாள்.

பட்டிப்பூ என்று நாங்கள் சொல்வதை அறியாதவர்களுக்காக: ஐந்து இதழ், வெள்ளை அல்லது ஊதா, முழங்கால் உயரச் சிறுசெடி. யாழ்ப்பாணத்தில் வேலியோரம் தானாக முளைத்துக் கிடக்கும். ஆடுகூட வாய் வைக்காது. அந்தச் செடியை ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியில், கோடைகாலப் பூக்கன்று என்ற பெயரில், லத்தீன் அட்டையோடு, ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுக்கு விற்பதைக் கண்டு மனைவி அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். "இஞ்சை பாருங்கோப்பா, எங்கடை பட்டிப்பூ. இதுக்குப் போய் அட்டை கட்டி வைச்சிருக்கிறாங்கள்" என்றாள். அவள் குரலில் இருந்தது ஊர் ஏக்கமல்ல. தெரிந்த பிள்ளை ஒன்று திடீரென்று கோட்டுப் போட்டுக்கொண்டு எதிரே வந்தால் வரும் எரிச்சல் அது.

இருந்தும் வாங்கினாள். அதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை. காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். போகுமுன் சாமிப் படத்துக்கு ஒரு பூ வைப்பாள். அந்தப் பூ அன்று காலை தன் கையால் செடியிலிருந்து ஆய்ந்ததாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய சட்டம். கடையில் பொலித்தீனுக்குள் கிடக்கும் ரோசா அவளைப் பொறுத்தவரை விமானத்தில் வந்த பிரேதம். அவள் பராமரிக்கும் கிழவர் கிழவிகளில் யாராவது போய்விட்டால், மறுநாள் காலை படத்துக்கு முன்னால் இரண்டாவது பூ ஒன்று இருக்கும். அந்த மனிதருக்குப் பிள்ளைகள் இருந்தார்களா, வந்தார்களா, என்ன சமயம் என்றெல்லாம் அவள் கணக்கில் எடுப்பதில்லை. "கழுவித் துடைச்சு விட்ட கை. வெறுமனே அனுப்பேலுமே" என்பாள். அவ்வளவுதான் விளக்கம்.

ஆகவே அவளுக்குத் தினமும் பூ வேண்டும். இலை போதாது. பட்டிப்பூவுக்கு வெயில் போதாவிட்டால் பூ இல்லை. மரம் வருடாவருடம் உயர்ந்தது, செடிகள் வருடாவருடம் கொடியைப் போல நீண்டு மஞ்சளித்தன. மொட்டுகள் விரியுமுன் உதிர்ந்தன. போதாததற்கு மரம் தன் ஊசிகளையெல்லாம் எங்கள் மண்ணில் கொட்டியது. கடைசியாக ஒரு கோடையில் ஓகஸ்ட் மாதம் முழுவதும் படத்துக்கு முன்னால் வெறும் தட்டு இருந்தது. அவள் முறைப்பாடு செய்யவில்லை. தட்டை மட்டும் தினமும் கழுவி வைத்தாள். எனக்கு மரத்தின் மேல் உண்மையான கோபம் வந்தது அப்போதுதான்.

எங்களுக்குத் தெரிந்த தமிழ்நாட்டுக் கணினிப் பொறியியலாளர் ஒருவர் அந்தச் சமயத்தில் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதை எங்க ஊர்ல சுடுகாட்டு மல்லின்னு சொல்வாங்க. வீட்டுல யாரும் வைக்க மாட்டாங்க" என்றார். மனைவி அவருக்குப் போட இருந்த இரண்டாவது நண்டுத் துண்டைச் சட்டிக்குள் திருப்பிப் போட்டாள். மனிதர் நிலைமையை விளங்கிக்கொண்டு, "நல்ல பேரும் இருக்கு, நித்தியகல்யாணி" என்று அவசரமாகச் சொன்னார். நண்டு திரும்பி வந்தது. எனக்கோ ஒரு வழக்கே கிடைத்துவிட்டது. க்ரானை நோர்வேக்காரர் எப்போதும் பச்சையான மரம் என்று கொண்டாடுகிறார்கள். எங்கள் செடி எப்போதும் பூப்பது. எது பெரிய காரியம்? பச்சையாக இருப்பதற்குச் சும்மா நின்றால் போதும். பூப்பதற்கு உழைக்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பு ஒரு கூட்டுறவு. மரம் வெட்டுவதென்றால் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்து வாக்கில் வெல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு மஞ்சள் அட்டை. கூட்டத்தில் அதை உயர்த்தினால் ஒரு வாக்கு. வர முடியாதவர்கள் அட்டையை வேறொருவரிடம் கொடுத்துவிடலாம். அந்த விதி எனக்கும் தெரியும். ஆனால் அது ஒரு ஆயுதம் என்று தெரியாது.

நான் வீடு வீடாகப் போனேன். கட்டடத்தில் எங்களைத் தவிர மூன்று தமிழ்க் குடும்பங்கள். மூன்று வீட்டிலும் தேநீர், மூன்று வீட்டிலும் ஒரே பதில். "உங்களுக்கில்லாத வாக்கோ அண்ணை" என்றார்கள். இரண்டாம் மாடிக்காரர் ஒருபடி மேலே போய், "அந்த மரத்தைப் பிடுங்கிற அண்டைக்குச் சொல்லுங்கோ, நான் கோடாலியோடை வாறன்" என்றார். சில நோர்வேக் குடும்பத்தாரும் தங்கள் யன்னலும் இருட்டுத்தான் என்று தலையாட்டினார்கள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். வெற்றி நிச்சயம் போலத்தான் இருந்தது.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "செத்துப்போன சனத்துக்குப் பூ வைக்கிறதை அங்கை கதைக்கக்கூடாது. அதுகளை வைச்சு வெயில் கேக்கக்கூடாது." அன்று மாலை அவளுக்கு வேலை. "வெயிலை மட்டும் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் புலம்பெயர் சஞ்சிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். வாசகர்கள் உண்டு, இரண்டொருவர் என் உறவினர் அல்லாதவர்கள். பகலில் தபால் பிரிக்கும் நிலையத்தில் மற்றவர்களின் எழுத்தை வரிசைப்படுத்துவதுதான் சம்பளத்துக்கான வேலை. ஆகவே ஒரு மேடை கிடைத்ததும் எனக்குள் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஒரு வாரம் உட்கார்ந்து நோர்வே மொழியில் உரை எழுதினேன்.

கூட்டம் சலவை அறைக்குப் பக்கத்து மண்டபத்தில். கோப்பி, வாப்பல் என்னும் கட்டம் போட்ட அப்பம், மேசைமேல் சின்னக் கொடி. கூட்டுறவின் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மெல்லிய மனிதர், மலை ஏறும் சப்பாத்தோடு கூட்டத்துக்கு வருபவர். நோர்வே மொழியில் அரசரைத் தவிர எல்லோரும் 'நீ'தான். "உன் முறை வந்துவிட்டது" என்று அன்பாகக் கூப்பிட்டார். தமிழ்க் குடும்பங்கள் ஒன்றையும் காணவில்லை. எங்கள் ஆட்கள் எட்டு மணி என்றால் எட்டரைக்குத்தான் செருப்புத் தேடுவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுந்தேன்.

நான் சொன்னது ஏறக்குறைய இப்படி: "நண்பர்களே, உங்கள் முன்னால் இரண்டு குடியிருப்பாளர்கள். ஒருவர் க்ரான். உயரமானவர், அமைதியானவர், முதுகெலும்புள்ளவர், பக்கத்து வீட்டாரோடு பேசாதவர். அதாவது நல்ல நோர்வேக்காரர். மற்றவர் பட்டிப்பூ. குள்ளம், நிறம் அதிகம், ஒரு இடத்தில் ஒன்று வந்தால் அடுத்த வருடம் உறவினர்கள் பத்துப் பேர். அதாவது நாங்கள்."

மண்டபம் குலுங்கியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தொடர்ந்தேன்.

"க்ரானுக்குப் பூ இல்லை, கூம்பு மட்டும்தான். அதை வைத்து ஒருவர் காதல் சொல்ல முடியாது. க்ரான் வெயிலைக் குடித்துவிட்டு ஊசி தருகிறது. பட்டிப்பூ வெயிலைக் குடித்தால் தினமும் பூத் தருகிறது. க்ரான் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை குளிரிலும் நிற்கும். பட்டிப்பூ ஐந்து பாகையிலேயே தடிமன் பிடித்துப் படுத்துவிடும். ஆகவே யாருக்கு வெயில் வேண்டும்? ஏற்கெனவே பலமானவருக்கா?"

அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. நல்ல அறிகுறி என்று நினைத்து இன்னும் ஆழமாகப் போனேன். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் ஒரு மருந்து இந்தச் செடியிலிருந்து கண்டெடுக்கப்பட்டது என்றேன். முன்வரிசையில் ஒரு மூதாட்டி கையை உயர்த்தி, "அதைத் தேநீரில் போட்டுக் குடிக்கலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம், விஷம்" என்றேன். "ஆனால் எங்கள் தீர்மானத்துக்கு எதிராக வாக்களிப்பவர்களுக்கு இலவசமாகக் காய்ச்சித் தருவோம்."

மறுபடி சிரிப்பு. மேசையில் தட்டினார்கள். அப்படியொரு கைதட்டலை நான் தமிழில் வாங்கியதில்லை.

தலைவர் எழுந்தார். மரத்தின் சார்பில் இரண்டு வசனம்தான் சொன்னார். "மிக அருமையான பேச்சு. ஆனால் மரம் எங்களுக்கு முன்பே இங்கே இருந்தது."

அது பொய். கட்டடம் கட்டி முடிந்த வருடத்தில் முதல் குடியிருப்பாளர்கள் வேரோடு வாங்கிய நத்தார் மரத்தைப் பண்டிகை முடிந்ததும் எறிய மனமில்லாமல் அங்கே நட்டார்கள் என்று அந்த மூதாட்டியே எனக்கு முன்பொருநாள் சொல்லியிருந்தார். நட்டவர்களில் அவரும் ஒருவர். மரமும் கடையிலிருந்து வந்தது, செடியும் கடையிலிருந்து வந்தது. நாற்பது வருடம் நின்றால் ஒன்று மண்ணின் மைந்தன் ஆகிவிடும், மற்றதற்கு ஆயுளே ஒரு கோடை. நான் இதைச் சொல்ல எழுந்தபோது வாக்கெடுப்பு தொடங்கிவிட்டது. மூதாட்டி வாப்பலில் ஜாம் பூசிக்கொண்டிருந்தார்.

ஆதரவாகச் சில அட்டைகள் உயர்ந்தன. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றே சொல்ல வேண்டும். பிறகு எதிர்த்தரப்பு. தலைவர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டைகளை எடுத்து, சீட்டாடுகிறவர் போல விசிறியாக விரித்து உயர்த்தினார். அவருடையது ஒன்று. வராதவர்கள் கொடுத்தவை மூன்று.

மூன்று வாக்கில் தோற்றோம்.

கூட்டம் முடிந்ததும் தலைவர் வந்து என் தோளில் கைவைத்தார். கீழ்க்கிளைகளைப் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கலாம் என்றார். "பேசித் தீர்ப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள், உனக்குத் தெரியுமே" என்று கண்ணைச் சிமிட்டினார். அந்தக் காலத்தில் அவருடைய நாட்டார் எங்கள் நாட்டில் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே நடந்ததைப் போலவே இங்கேயும் பேச்சு நடக்கும், மரம் வளரும் என்று எனக்கு விளங்கியது. அடுத்து அவர் சொன்னதுதான் இன்றுவரை என் நெஞ்சில் முள். "ஓகஸ்டில் கோடை விருந்து இருக்கிறது. அதில் இந்தப் பேச்சை மறுபடியும் செய்வாயா? எல்லோரும் கேட்கிறார்கள்."

நான் சிரித்தேன். பழக்கதோஷம்.

படிக்கட்டில் இரண்டாம் மாடிக்காரர் எதிர்ப்பட்டார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் பலகாரப் பை. பின்னால் மற்ற இரண்டு குடும்பமும். எல்லோரும் பியோர்ண்டால் பக்கத்து மண்டபமொன்றில் நடந்த சாமத்தியவீட்டுக்கு, ஒரு பிள்ளையின் பூப்பு விழாவுக்கு, போய்விட்டு வருகிறார்கள்.

"என்னண்ணை, வெண்டாச்சோ?"

"அட்டை எங்கை?" என்று கேட்டேன்.

"எந்த அட்டை? ஓ, அந்த மஞ்சளோ. அதைத் தலைவர் வந்து வாங்கிக்கொண்டு போட்டாரே."

"ஏன் குடுத்தனீங்கள்?"

"அண்ணை, மனிசன் வாசலிலை வந்து நிக்கிறார். வயசாளி. உள்ளை கூப்பிட்டு ரீ குடுத்தம். வடை நாலு திண்டவர், உறைப்பு எண்டு சொல்லிச் சொல்லித் திண்டவர். கூட்டத்துக்கு வருவியோ எண்டு கேட்டவர். சாமத்தியவீடு இருக்கு, ஏலாது எண்டன். அப்ப அட்டையைத் தாவன், வீணாப் போகாமல் நான் பாக்கிறன் எண்டார். வீட்டுக்கு வந்து கேட்ட மனிசனை வெறுங்கையோடை அனுப்பிறதோ?"

"அவர் எனக்கு எதிராப் போடுவார் எண்டு உமக்குத் தெரியாதோ?"

"அவர் தலைவரெல்லோ. ரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆளெண்டு நினைச்சம்." பின்னால் நின்ற இரண்டு தலைகளும் ஆடின. மூன்று வீட்டிலும் இதே கதை. இதே வடை.

"என்னட்டைத் தந்திருக்கலாமே."

"நீங்கள் அட்டை கேக்கேல்லையே அண்ணை" என்றார், உண்மையிலேயே மனம் நொந்து. "வாக்கெல்லோ கேட்டனீங்கள். நாங்கள் இப்பவும் உங்கடை பக்கம்தான். இந்தாங்கோ, பயித்தம் பணியாரம்."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? கோபத்தில் ஒருவனை அடிக்கலாம். பலகாரப் பையை நீட்டிக்கொண்டு நிற்பவனை எப்படி அடிப்பது? எங்கள் சனத்தின் மரியாதையை நான் அன்று சபித்தது போல வேறெதையும் சபித்ததில்லை. கதவைத் தட்டுகிறவனுக்கு வடை கொடுப்போம், அட்டையைக் கொடுப்போம், கேட்டால் கதவையும் கழற்றிக் கொடுப்போம். வேண்டப்பட்டவனுக்கு வாக்கு, வந்தவனுக்கு அட்டை.

மனைவி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "என்ன மாதிரி?" என்றாள்.

தோற்றுவிட்டோம் என்றேன். அட்டைக் கதையைச் சொன்னேன். தலைவரைத் திட்டினேன், இரண்டாம் மாடியைத் திட்டினேன், சாமத்தியப்பட்ட பிள்ளையைக்கூட விடவில்லை. பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று, பேச்சுக்கு நல்ல வரவேற்பு என்றும் சொன்னேன்.

"சிரிச்சவையோ?"

"விழுந்து விழுந்து சிரிச்சவை."

அவள் மற்றச் சப்பாத்தையும் கழற்றி, இரண்டையும் சுவரோரம் நேராக வைத்தாள். "நான் வெயில் கேக்கச் சொல்லி அனுப்பினனான். நீங்கள் கைதட்டு வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறியள்."

"பகிடியாச் சொன்னாத்தான் இந்தச் சனம் காது குடுக்கும்."

"பகிடிக்குக் காது குடுத்ததுகள். வெயிலுக்குக் குடுக்கேல்லை." குரலை அவள் உயர்த்தவில்லை. "உங்களுக்குக் கோவம் எண்டால் கோவத்தைக் காட்டுங்கோ. பல்லைக் காட்டாதேங்கோ."

அன்றைக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்கவில்லை.

மே மாதக் கடைசி. இரவுப் பனி நின்றுவிட்டது. யன்னலோரத்துச் சட்டிகளில் குளிர்காலம் முழுவதும் பொத்திப் பொத்தி வளர்த்த கன்றுகளை வெளியே நடும் நேரம். ஒரு சனிக்கிழமை காலை மனைவி கூட்டுறவின் பொதுக் கொட்டிலைத் திறந்து, கூட்டுறவின் மண்வெட்டியை எடுத்தாள். எங்கள் துண்டு மண்ணைக் கடந்து நேரே போனாள். கட்டடத்துக்கு முன்னால், புல்தரையின் நடுவில், கொடிக்கம்பம். காலையிலிருந்து மாலைவரை வெயில் விழும் ஒரே இடம் அதுதான். அங்கே ஒருவரும் காலும் வைப்பதில்லை. கம்பத்தைச் சுற்றி வட்டமாகப் புல்லை வெட்டி எடுத்துவிட்டுக் கன்றுகளை ஊன்றத் தொடங்கினாள்.

நான் யன்னலில் நின்றேன். தலைவர் மலை ஏறும் சப்பாத்தோடு இறங்கி வந்தார். அவர்கள் நோர்வே மொழியில் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவளுடைய நோர்வே மொழி முதியோர் இல்லத்தில் படித்தது. வசனங்கள் சிறியவை, எதிராளிக்குக் காது மந்தம் என்பது போல உரத்தவை.

"இது பொது இடம்" என்றார் அவர்.

"ஆம். எனக்கும் பொது."

"விதிப்படி முதலில் அனுமதி கேட்க வேண்டும்."

"கேட்டோம்" என்றாள், மண்ணிலிருந்து நிமிராமல். "நீங்கள் சிரித்தீர்கள்."

அவள் அடுத்த கன்றை எடுத்தாள். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த மனிதர், குந்தியிருக்கும் ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்துக்கொண்டு சொல் தேடினார். பிறகு திரும்பி என் யன்னலை நோக்கி வந்தார். வரும்போதே முகத்தில் ஒரு தோழமை வந்துவிட்டது. எனக்கும் அவருக்கும் இடையில் ஏதோ உடன்பாடு இருப்பது போல.

"உன் மனைவிக்கு நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்" என்றார். "உனக்குத்தான் அழகாகப் பேச வருமே."

எனக்குள் நாலைந்து பதில்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் நல்ல பகிடிகள். ஒன்று கொடிக்கம்பத்தையும் க்ரானையும் பற்றியது. இன்றைக்கும் எங்கேயாவது பயன்படும்.

"மாட்டேன்" என்றேன்.

அவர் புன்னகையைத் தயாராக வைத்துக்கொண்டு, அடுத்து வரப்போகும் பகிடிக்காகக் காத்திருந்தார். நான் யன்னலைச் சாத்தினேன்.